வீட்டோடு வெளிக்கிட்டவர்கள்

1915 ஒகஸ்டில் நியூயோர்க் மாநிலத்தின் ஹண்டிங்டன் என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளிக்கிட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தொடங்கி மேற்குக் கரையில் முடிகிற பயணம். குடும்பத் தலைவர் ரோலண்ட் கொங்க்லின் பஸ் தயாரிக்கும் கம்பனி ஒன்றின் சொந்தக்காரர். குடும்பம் போவதற்கான வாகனத்தைத் தன் கம்பனியிலேயே செய்வித்தார். 25 அடி நீளம், 8 தொன் எடை. உள்ளே முழுக் குசினி, ரயில் பெட்டியில் இருப்பது மாதிரியான படுக்கைகள், மடித்து வைக்கிற மேசை, மறைவாகச் செருகிய புத்தக அலுமாரி, இசைத்தட்டுப் பெட்டி, மின்விளக்குகள், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு ஜெனரேற்றர். கூரைக்கு மேலே ஏறி இருந்து காற்று வாங்க ஒரு "கூரைத் தோட்டம்" கூட இருந்தது. வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் "ஜிப்சி வான்".

பயணம் இரண்டு மாத அளவில் நீண்டது. வழியில் ஊர் ஊராகச் சனம் கூடி நின்று பார்த்தது. பத்திரிகைகள் அதிசயப்பட்டு எழுதின.

இன்றைக்கு ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வாகனங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் குடும்பத்தை விட்டுவிட்டுப் போவதில்லை. ஆர்.வி. எங்களுக்குத் திரையில் பழக்கமான வாகனம். "பிரேக்கிங் பாட்" பார்த்தவர்களுக்குப் பாலைவனத்தில் நிற்கிற அந்தப் பழைய வண்டி ஞாபகம் இருக்கும். 2006இல் ரொபின் வில்லியம்ஸ் நடித்து "ஆர்.வி." என்ற பெயரிலேயே ஒரு குடும்பச் சிரிப்புப் படம் வந்தது. அப்பா, அம்மா, சிணுங்கிற பிள்ளைகள், நீண்ட நெடுஞ்சாலை. அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புகிற கதைகளில் இதுவும் ஒன்று: காசைச் சேர், வண்டியை எடு, நாடு முழுக்க உன்னுடையது.

ஆனால் அதே நூறு ஆண்டுகளில், அதே சாலைகளில், வீட்டைத் தூக்கிக்கொண்டு போன வேறு குடும்பங்களும் உண்டு. அவர்களும் சமைக்கிற சாமான், படுக்கிற சாமான், பிள்ளைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றித்தான் போனார்கள். அவர்களைப் பார்க்கவும் ஊர்ச்சனம் கூடியது, ஆனால் கைதட்ட இல்லை. எங்கட தமிழில் கோயிலுக்குப் போவதற்கும் "வெளிக்கிடுறது" என்றுதான் சொல்கிறோம், ஊரை விட்டுப் போவதற்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். அமெரிக்க நெடுஞ்சாலையின் கதையில் இந்த இரண்டு அர்த்தமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன.

பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். "ஜிப்சி" என்பது ரோமா மக்களுக்கு வெளியாட்கள் வைத்த பெயர். அவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான எண்ணத்தில் பிறந்தது. 1530இலேயே இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்த "எகிப்தியர்களை" நாட்டை விட்டுத் துரத்தச் சட்டம் இயற்றியது. ஐரோப்பாவின் பல இடங்களில் அவர்களின் வண்டிகள் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு விரட்டப்பட்டபடியே இருந்தன.

350 ஆண்டுகளுக்குப் பிறகு, 1885இல், அதே இங்கிலாந்தில் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை வைத்தியர் குதிரை இழுக்கும் ஆடம்பர வண்டி ஒன்றைச் செய்வித்து நாட்டைச் சுற்றினார். தன்னை "கனவான் ஜிப்சி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவரைப் பார்த்துத்தான் வசதியானவர்கள் மத்தியில் கரவன் பயணம் ஒரு பொழுதுபோக்காகப் பரவியது. கொங்க்லின் குடும்பத்தின் ஜிப்சி வானும் அந்த வரிசையில் வருவதுதான். அலைகிறவர்களின் பெயர் எடுக்கப்பட்டது. அலைகிறவர்களோ தொடர்ந்து விரட்டப்பட்டார்கள்.

கொங்க்லின் குடும்பத்தின் பயணம் சாகசம் என்பதை மறுக்கத் தேவையில்லை. ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற வைத்தியர் 50 டொலர் பந்தயத்துக்காக 1903இல் முதன்முதலாகக் காரில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது 63 நாட்கள் எடுத்தன. நியூயோர்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்கும் லிங்கன் நெடுஞ்சாலை 1913இல் அறிவிக்கப்பட்டாலும், அதன் பெரும்பகுதி வெறும் மண் பாதைதான். 1919இல் அமெரிக்க இராணுவம் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு வாகனத் தொடரணியை அனுப்பிப் பார்த்தது. இராணுவத்துக்கே 62 நாட்கள் பிடித்தன. அந்தத் தொடரணியோடு போன இளம் அதிகாரிகளில் ஒருவர் டுவைட் ஐசன்ஹோவர். இவர் பிறகும் வருவார்.

தகரப் பேணியும் கட்டணமும்

கொங்க்லின் மாதிரி வண்டி செய்விக்க எல்லோரிடமும் காசு இல்லை. ஆனால் கார் மலிந்துகொண்டு வந்தது. 1908இல் 850 டொலருக்கு வந்த போர்ட் மொடல் டி, 1920களின் நடுவில் 300 டொலருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆசிரியர், கடைக்காரர், விவசாயி என்று நடுத்தரச் சனமும் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரில் இவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். "தகரப் பேணிச் சுற்றுலாக்காரர்கள்" என்று பெயர். காரின் ரேடியேற்றர் மூடியில் ஒரு தகரப் பேணியை ஒட்ட வைத்திருந்தால் நீங்கள் அந்தச் சங்கத்து ஆள்.

ஆரம்பத்தில் ஊர்கள் இவர்களை வரவேற்றன. வருகிறவர்கள் கடைகளில் காசு செலவழிப்பார்கள் என்று பல நகரசபைகள் இலவச முகாம் நிலங்களைத் திறந்தன. தண்ணீர், கழிப்பறை, சமைக்க இடம் எல்லாம் இருந்தன. கொஞ்ச ஆண்டுகளில் ஒரு சிக்கல் தெரிந்தது. இலவச முகாமுக்கு ஏழைகளும் வரலாம். பழம் பறிக்கிற வேலை தேடிப் பழைய காரில் அலைகிற குடும்பமும் அதே மரத்தடியில் கூடாரம் போடலாம். 1920களின் நடுப்பகுதியில் முகாம்கள் கட்டணம் அறவிடத் தொடங்கின. இத்தனை நாட்கள்தான் தங்கலாம் என்றும் விதித்தன. பராமரிப்புச் செலவு ஒரு காரணம். "வேண்டாத ஆட்களை" வடிகட்டுவது இன்னொரு காரணம், அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை.

சுற்றுலாப் பயணி யார், அலைகிற ஏழை யார் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. இரண்டு பேரின் காரும் தூசி படிந்ததுதான், இரண்டு பேரின் கூடாரமும் துணிதான். அதனால்தான் ஒரு கட்டணம் தேவைப்பட்டது.

1936

இந்தக் கதையை ஒரே ஆண்டில் பார்க்க வேண்டுமென்றால் 1936 போதும். அந்த ஆண்டு மூன்று விஷயங்கள் நடந்தன.

ஒன்று, வொலி பயாம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் கம்பனி "கிளிப்பர்" என்ற வெள்ளி நிற அலுமினிய இழுவை வீட்டை விற்பனைக்கு விட்டது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகலாம். நான்கு பேர் படுக்கலாம், சொந்தத் தண்ணீர்த் தாங்கி, மின்விளக்குகள். விலை 1,200 டொலர். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில் அது பெரிய காசு. ஆனாலும் வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டாவது, அதே ஆண்டு பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் மா அதிபர் ஜேம்ஸ் டேவிஸ் தன் பொலிஸார் 136 பேரைக் கலிபோர்னியா மாநில எல்லைகளுக்கு அனுப்பினார். நகரப் பொலிஸுக்கு மாநில எல்லையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வறட்சியாலும் புழுதிப் புயல்களாலும் ஒக்லஹோமா, டெக்சாஸ், கன்சாஸ் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் நிலத்தை இழந்து இலட்சக்கணக்கில் வெளியேறிய காலம் அது. நிறையப் பேர் 66ஆம் இலக்கச் சாலை வழியாகக் கலிபோர்னியாவுக்கு வந்தார்கள். காரின் கூரையில் மெத்தை, பக்கத்தில் தண்ணீர்ப் பை, பின்னால் சட்டிபானை. பொலிஸார் வண்டியை மறித்து "பிழைப்புக்கு வழி இருக்கா, காசு இருக்கா" என்று பார்த்தார்கள். இல்லாதவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சொந்த நாட்டுக்குள், சொந்த நாட்டுப் பிரஜைகளுக்கு ஒரு சோதனைச்சாவடி.

அந்த மறியல் சில வாரங்களில் முடிந்தாலும் சட்டம் இருந்தது. வெளிமாநில ஏழை ஒருவரைத் தெரிந்துகொண்டே கலிபோர்னியாவுக்குள் கூட்டிவருவது குற்றம். 1939 டிசம்பரில் எட்வேர்ட்ஸ் என்பவர் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் கார் ஓட்டிப்போய், வேலையில்லாமல் இருந்த மச்சானை, மனைவியின் சகோதரனை, ஏற்றிக்கொண்டு வந்தார். ஐந்து நாள் பயணம். வந்து சேரும்போது மச்சானின் கையில் இருந்த சொச்சக் காசும் முடிந்துவிட்டது. மச்சானைக் கூட்டிவந்ததற்காக எட்வேர்ட்ஸுக்கு ஆறு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போய், 1941 நவம்பரில் அந்தச் சட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பானது. நீதியரசர்களில் ஒருவரான ரொபர்ட் ஜாக்சன், ஒருவரிடம் சொத்து இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துப் பிரஜாவுரிமையை அளக்க முடியாது என்ற கருத்தைத் தனியாக எழுதி வைத்தார். காசில்லாத ஒருவர் தன் நாட்டுக்குள் ஒரு எல்லையைக் கடக்கலாம் என்பதை நிலைநாட்டவே ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

மூன்றாவது, அதே 1936இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால் ஊழியர் ஒரு சின்னக் கையேட்டை வெளியிட்டார். "கிரீன் புக்" என்று பெயர் பெற்றது. கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எந்த ஹோட்டலில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எந்த இடத்தில் பெற்றோல் அடிக்கலாம் என்ற பட்டியல். நியூயோர்க் பகுதிக்கு மட்டும் தொடங்கி, நாடு முழுவதற்குமாக வளர்ந்து, 1960களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது.

ஏன் அப்படியொரு பட்டியல் தேவைப்பட்டது? தெற்கில் நிறப்பிரிவினைச் சட்டங்கள் இருந்தன. வடக்கிலும் மேற்கிலும் சட்டம் இல்லாத இடங்களில் வழக்கம் இருந்தது. சூரியன் மறைந்த பிறகு கறுப்பர்கள் ஊருக்குள் இருக்கக்கூடாது என்று பலகை போட்ட ஊர்கள் நிறைய இருந்தன. இருட்ட முதல் அடுத்த பாதுகாப்பான ஊருக்குப் போய்ச் சேர முடியுமா என்று கணக்குப் பார்த்துத்தான் ஒரு அப்பா கார் ஓட்ட வேண்டும்.

அதனால் கறுப்பினக் குடும்பங்கள் காரில் எதை ஏற்றின என்று பாருங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் கட்டிய சாப்பாடு, ஏனென்றால் கடையில் விற்கமாட்டார்கள். போர்வையும் தலையணையும், ஏனென்றால் ஹோட்டலில் அறை கிடைக்காது. மேலதிகப் பெற்றோல் கான், ஏனென்றால் பெற்றோல் செட்டில் அடிக்க மறுக்கலாம். சிறுநீர் கழிக்க ஒரு வாளி அல்லது பேணி, ஏனென்றால் பிள்ளையைக் கழிப்பறைக்குள் விடமாட்டார்கள். சாப்பாடு, படுக்கை, எரிபொருள், கழிப்பறை: கொங்க்லின் குடும்பம் ஆசைக்கு ஏற்றிய வசதிகளை இந்தக் குடும்பங்கள் வேறு வழியில்லாமல் ஏற்றின. இவர்களின் காரும் ஒரு வீட்டு வாகனம்தான். அதை யாரும் ஆர்.வி. வரலாற்றில் சேர்ப்பதில்லை.

தேசியப் பூங்காக்களும் விலக்கில்லை. வேர்ஜீனியாவின் ஷெனண்டோவா பூங்காவுக்காக முதலில் நூற்றுக்கணக்கான மலைக் குடும்பங்கள் எழுப்பப்பட்டன. பிறகு 1939இல் லூயிஸ் மலை என்ற ஒரு பகுதி மட்டும் கறுப்பினத்தவர் முகாமிடவும் தங்கவும் என்று ஒதுக்கப்பட்டது. பூங்காவில் பிரிவினை முழுதாக முடிய 1950 ஆனது. ஹோட்டல்களும் உணவகங்களும் நிறம் பார்த்து மறுப்பதை நாடு முழுவதற்கும் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் 1964இல்தான் வந்தது. அப்போதும் அட்லாண்டாவில் ஒரு மோட்டல் முதலாளி வழக்குப் போட்டார். தோற்றுப்போனார்.

வின்னபேகோ

ஐசன்ஹோவர் திரும்ப வருகிறார், இப்போது ஜனாதிபதியாக. 1956இல் அவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கு வழி திறந்தது. இளம் அதிகாரியாக 62 நாட்கள் குலுங்கிப் போன தூரத்தைக் குடும்பங்கள் ஒரு கிழமைக்குள் கடக்கத் தொடங்கின. அந்தச் சாலைகள் நகரங்களைக் கடக்கும்போது பெரும்பாலும் யாரின் வீடுகள் இடிந்தன என்பதும் தெரிந்த கதை. சென் போல் நகரின் ரொண்டோ, மயாமியின் ஓவர்டவுன், நியூ ஓர்லியன்ஸின் கிளேபோர்ன் வீதி. எல்லாம் கறுப்பின மக்களின் குடியிருப்புகள், கடைத்தெருக்கள். சுற்றுலா வண்டி போக வழிவிட்டு, வீட்டுக்காரர்கள் வெளிக்கிட்டார்கள்.

இந்தச் சாலைகளுக்குப் பொருத்தமான வண்டியும் வந்தது. மிச்சிகனைச் சேர்ந்த ரே பிராங்க் தன் குடும்பப் பயணத்துக்காக ஒரு வண்டியைச் செய்து, அதற்கு "மோட்டார் ஹோம்" என்று பெயர் வைத்து, 1960களின் தொடக்கத்தில் விற்கவும் தொடங்கினார். அதைச் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்ட வைத்தது அயோவா மாநிலத்தின் போரஸ்ட் சிட்டி என்ற சின்ன ஊர். ஜோன் ஹான்சன் என்ற உள்ளூர் வியாபாரி முன்னின்று வளர்த்த கம்பனி 1966இல் மோட்டார் ஹோம்களை உற்பத்தி வரிசையில் செய்யத் தொடங்கியது. மற்றக் கம்பனிகளின் விலையில் ஏறக்குறையப் பாதிக்கு விற்றது. கம்பனியின் பெயர் வின்னபேகோ. ஹொண்டா என்றால் மோட்டார் சைக்கிள் என்று எங்கட ஊரில் ஆனது மாதிரி, அமெரிக்காவில் வின்னபேகோ என்றால் ஆர்.வி. என்றே ஆகிவிட்டது.

ஊர் இருப்பது வின்னபேகோ மாவட்டத்தில். மாவட்டத்தின் பெயர் ஒரு ஆதிக்குடி மக்களுடையது. அவர்கள் தங்களை ஹோ-சங்க் என்று அழைப்பார்கள். வின்னபேகோ என்பது அயல் குழுக்கள் வைத்த பெயர். ஹோ-சங்க் மக்களின் தாயகம் விஸ்கொன்சின். 1837இல் வாஷிங்டனுக்குக் கூட்டிப்போகப்பட்ட அவர்களின் தூதுக்குழு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நிலத்தை விற்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருக்கவில்லை. வெளியேற எட்டு ஆண்டுகள் அவகாசம் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். தாளில் இருந்தது எட்டு மாதம்.

1840இல் படையினர் அவர்களை அயோவாவுக்கு நகர்த்தினர். 1848இல் மினசோட்டாவின் லோங் பிரெய்ரிக்கு. 1855இல் அதே மாநிலத்தின் புளூ ஏர்த்துக்கு. 1862இல் டகோட்டா மக்களுக்கும் அரசுக்கும் போர் மூண்டது. ஹோ-சங்க் மக்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. இருந்தும் 1863இல் அவர்களையும் சேர்த்து வெளியேற்றி, இன்றைய தென் டகோட்டாவின் குரோ கிரீக் என்ற வறண்ட இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பசியாலும் நோயாலும் பலர் இறந்தார்கள். மிச்சப்பேரில் பலர் மிசூரி ஆற்று வழியே நெப்ராஸ்காவுக்குத் தப்பிப்போய் ஒமாஹா மக்களிடம் அடைக்கலம் கேட்டார்கள். கால் நூற்றாண்டுக்குள் ஐந்து இடப்பெயர்வு. இடைக்கிடை குடும்பங்கள் நடந்தே விஸ்கொன்சினுக்குத் திரும்பின. பிடித்து அனுப்பினால் மீண்டும் நடந்து வந்தன. 1870களிலும் பிடித்து அனுப்பினார்கள். அப்பவும் திரும்பினார்கள். இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். 1994இல் விஸ்கொன்சின் மக்கள் தங்கள் அரசியலமைப்பில் ஹோ-சங்க் தேசம் என்ற சொந்தப் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

வின்னபேகோ கம்பனி தன் வண்டி வகைகளுக்கு வைத்த பெயர்களில் "பிரேவ்", "சீப்டன்", "இந்தியன்" எல்லாம் உண்டு. முதலிரண்டும் ஆதிக்குடி வீரன், ஆதிக்குடித் தலைவன் என்று அர்த்தம் வருகிற சொற்கள். கம்பனி ஹோ-சங்க் மக்களை விரட்டவில்லை. மாவட்டத்தின் பெயரைத்தான் எடுத்தது. அதில் வேலைசெய்த அயோவாத் தொழிலாளிகளும் வண்டி வாங்கிய குடும்பங்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் 1885இல் ஸ்டேபிள்ஸும் 1915இல் கொங்க்லினும் செய்தது மூன்றாவது முறையாக நடந்தது. நிற்க விடாமல் துரத்தப்பட்ட மக்களின் பெயர், விரும்பினால் போகவும் விரும்பினால் வீட்டுக்குத் திரும்பவும் முடிந்தவர்களின் வண்டியில் ஏறியது.

இரவில் எங்கே நிறுத்துவது

2008 பொருளாதார நெருக்கடியில் வீடும் சேமிப்பும் போன பல வயதானவர்கள் வான்களிலும் ஆர்.வி.களிலும் நிரந்தரமாகக் குடியேறினார்கள். ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய "நோமட்லாண்ட்" அவர்களைப் பற்றியது. பென்சன் எடுக்க வேண்டிய வயதில் சர்க்கரை பீட் அறுவடைக்கும், முகாம் நிலங்களைத் துப்புரவாக்கவும், அமேசன் களஞ்சியங்களில் பொதி சுமக்கவும் மாநிலம் மாநிலமாக ஓடுகிறவர்கள். இதைத் தழுவிய குளோயி சாவோவின் படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வாங்கியது. படத்தைப் பாருங்கள், முடிந்தால் புத்தகத்தையும் வாசியுங்கள். வேலைத்தளங்களின் கடுமை புத்தகத்தில்தான் கூட.

இவர்கள் ஓட்டுவது சுற்றுலாக் குடும்பங்கள் ஓட்டுகிற அதே வண்டிகள்தான். காசு கட்டி முகாமுக்குள் நிறுத்தினால் விருந்தாளி. நகர வீதியில் நிறுத்தி உள்ளே படுத்தால் பல இடங்களில் குற்றம். லொஸ் ஏஞ்சல்ஸில் வாகனத்துக்குள் வசிப்பதைத் தடுத்த ஒரு விதியை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் செல்லாது என்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், ஒரிகனின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் பற்றிய வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் எதிர்ப்பக்கம் போனது. போக வேறிடம் இல்லாதவர்களாக இருந்தாலும், பொது இடத்தில் படுப்பவர்களை நகரங்கள் தண்டிக்கலாம் என்றது. 1941இல் எட்வேர்ட்ஸின் மச்சான் எல்லையைக் கடக்கலாம் என்று ஆனது. கடந்த பிறகு எங்கே படுப்பது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

யூடியூப்பில் வான் வாழ்க்கை வீடியோக்கள் இப்போது நிறைய. அழகான வண்டி, ஜன்னலில் மலை, அடுப்பில் கோப்பி. பார்ப்பதில் பிழையில்லை, ஆசைப்படுவதிலும் பிழையில்லை. நானும் பார்க்கிறேன். பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பொழுதுபட்ட பிறகு அவர்கள் வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள், யாராவது வந்து கண்ணாடியில் தட்டினால் என்ன சொல்லித் தப்ப முடிகிறது, தப்ப முடியாவிட்டால் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா.